அந்நியனுக்கு ஆறடி மண்: கொங்குப் பகுதிச் சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஆயர்மாருக்கும், சேகரத்தை, அதாவது ஒரு ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளை, நடத்தும் கமிட்டி உறுப்பினர்களுக்கும், கல்லறைத் தோட்டப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு முன் நீங்கள் கூடும் கமிட்டியில் ஒரு காரியத்தை எடுத்துப் பேசவேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். செயலாளரிடம் கொடுத்தால் 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் கடைசியில் வரும். அதற்குள் டீயும் வடையும் வந்துவிடும், பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படி வெளியிலேயே எழுதிவிடுகிறேன்.

காரியம் இதுதான். வடமாநிலங்களிலிருந்து வந்து நம் ஊர்களில் வேலை செய்யும் கிறிஸ்தவத் தொழிலாளி இங்கே இறந்துபோனால், நம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்பண்ண இடம் தரவேண்டும். சபைச் சந்தா பாக்கி பார்க்காமல், பழைய சபை எழுதித்தரும் மாறுதல் கடிதம் கேட்காமல் தரவேண்டும்.

உயிரோடிருக்கிறவனை வரவேற்பதைப் பற்றி முதலில் பேசாமல் சாவிலிருந்து ஆரம்பிக்கிறானே என்று நினைப்பீர்கள். அதையும் பேசத்தான் போகிறேன். ஆனால் வரவேற்பைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவது எளிது. நானே நிறையக் கேட்டிருக்கிறேன், ஆமென் சொல்லியிருக்கிறேன். மண்ணைக் கொடுப்பதற்குத் தீர்மானம் போடவேண்டும், ரெஜிஸ்டரில் பெயர் ஏறவேண்டும், யாரோ ஒரு குடும்பம் தனக்கென்று பார்த்துவைத்திருக்கும் இடத்தைப் பற்றி வாக்குவாதம் பண்ணவேண்டும். அங்கேதான் நம் விசுவாசம் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். இ.எஸ்.ஐ., பி.எஃப். வேலையெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். எங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சின்ன யூனிட் ஒன்றில் அயர்ன் மேஜையில் நின்ற ஒரு பையன் காய்ச்சலை வெறும் காய்ச்சல் என்று நினைத்து ஒன்றரை ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது. ஜார்க்கண்டில் சிம்டேகா பக்கத்துப் பையன். கூட இருந்தது பெரியப்பா மகன் ஒருவன்தான். அந்த ஊர்வரை ஆம்புலன்ஸில் கொண்டுபோகும் செலவில் பாதியை யூனிட்காரர் தருவதாகச் சொன்னார். மீதிப் பாதிக்கு வழி இல்லை. ஊரில் தாயிடம் ஃபோனில் பேசினார்கள். "அங்கே சபை இல்லையா? சபைக்காரர்களிடம் சொல்லி அங்கேயே அடக்கம்பண்ணு" என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். எந்த ஊரானாலும் சபை சபைதான் என்று அவர் நம்பியிருக்கிறார்.

நானும் கூடப் போனேன். பொறுப்பாளர் ஒருவர் கேட்டார்: எந்தச் சபை அங்கத்தினன்? சந்தா கட்டியிருக்கிறானா? ஞானஸ்நானச் சான்று உண்டா? மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் இருந்தது. லுத்தரன் சபை முத்திரையோடு ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அவர் அதை வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "ரூல் இல்லையே தம்பி" என்றார். அவர் நல்ல மனிதர், ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தன் பையிலிருந்து பணமும் கொடுத்தார். இருட்டுவதற்குள் மாநகராட்சி மயானத்தில் காரியம் முடிந்தது. ஜெபம்பண்ணியது அந்த அண்ணன்தான், சாத்ரி மொழியில். அங்கே நின்றவர்களில் அது புரிந்தது அவன் ஒருவனுக்கே.

அந்த ரூலை எழுதியது கமிட்டி. மாற்றவேண்டியதும் கமிட்டி.

இவர்கள் யார் என்பதை நம் சபைகளில் பலர் விசாரித்ததே இல்லை. 'இந்திக்காரப் பசங்க' என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்தது. சோட்டாநாக்பூர் மேட்டுநிலத்தில், ராஞ்சிக்கு, பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற போதகர் அனுப்பிய மிஷனெரிகள் வந்து சேர்ந்தது 1845-ல். முதல் ஞானஸ்நானம் 1850-ல், நான்கு ஓராவோன் ஆண்களுக்கு. 1885-ல் பெல்ஜியத்து இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் போய்ச் சேர்ந்து, நிலத்தை ஜமீன்தார்களிடம் இழந்துகொண்டிருந்த ஆதிவாசிகளுக்காக வழக்கு நடத்தக் கற்றுக்கொடுத்தார். ஆக சிம்டேகாவிலிருந்தும் கும்லாவிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கரிலிருந்தும் நம் ஊருக்கு வரும் பையன் நேற்று மனந்திரும்பியவன் அல்ல. அவன் குடும்பத்தில் ஐந்து தலைமுறைக்கு முன்பே பாட்டுப்புத்தகம் இருந்திருக்கும். வீட்டில் அவன் பேசுவது முண்டாரி, கடியா, சாத்ரி, இல்லையென்றால் குடுக். இதில் குடுக் திராவிட மொழி, நம் தமிழுக்குத் தூரத்துச் சொந்தம்.

ஒடிசாவின் கந்தமாலிலிருந்து வருகிறவர்களும் உண்டு. 2008 ஆகஸ்டில் கிறிஸ்தவர்களுக்கு எதிரான கலவரத்தில் அங்கே வீடுகளும் ஆலயங்களும் எரிந்தன. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரைவிட்டு ஓடினார்கள், காட்டில் ஒளிந்தார்கள், முகாம்களில் கிடந்தார்கள். அந்த மாதம் 29-ஆம் தேதி நாடு முழுவதும் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்களை மூடி எதிர்ப்புத் தெரிவித்தோம். நம் சபைகளிலும் உபவாச ஜெபம் நடந்தது, விசேஷக் காணிக்கை எடுத்தோம். அன்று குழந்தையாய் இருந்தவன் இன்று வளர்ந்து கேரளாவுக்கும் நம் கொங்கு நாட்டுக்கும் வேலைக்கு வருகிறான். தூரத்தில் இருந்தபோது கண்ணீர் விட்டோம். பக்கத்தில் வந்து நிற்கும்போது சந்தா ரசீது கேட்கிறோம்.

வேதத்தில் அந்நியனை உபசரிப்பது பற்றி நீங்கள் அறியாததை நான் சொல்லப்போவதில்லை. "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனம் நம் ஆலயங்கள் பலவற்றின் சுவரிலேயே இருக்கிறது. நாம் அதிகம் பிரசங்கம் பண்ணாத பகுதி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 23. ஆபிரகாமுக்குக் கடவுள் அந்தத் தேசம் முழுவதையும் வாக்குப்பண்ணியிருக்கிறார், ஆனால் கையில் ஒரு முழம் மண் கிடையாது. சாராள் இறந்துவிட்டாள். பிரேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் ஏத்தின் புத்திரரிடம் போய்க் கேட்கிறார்: நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன், அடக்கம்பண்ண ஒரு இடம் தாருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள்? எங்கள் கல்லறைகளில் நல்லதைப் பார்த்து எடுத்துக்கொள்ளும், எங்களில் ஒருவனும் தடைபண்ணமாட்டான் என்றார்கள். அவர் யெகோவாவைக் கும்பிடுகிறாரா, எந்தக் கோத்திரம், எங்கே பதிவு என்ற கேள்வி அந்த அதிகாரத்தில் எங்கும் இல்லை. கடைசியில் எப்பெரோனுக்கு நானூறு சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்துத்தான் மக்பேலாவை வாங்கினார் என்பது வேறு விஷயம். எப்பெரோன் வியாபாரி, நம் திருப்பூரில் இருந்திருந்தால் நன்றாகப் பிழைத்திருப்பார். ஆனால் வாசலில் கூடியிருந்த அந்த ஊர்க்காரர்கள் வாயிலிருந்து முதலில் வந்தது 'ஆகட்டும்' என்பதுதான்.

ரூத்தை நாம் கல்யாண ஆராதனைகளில் வாசிக்கிறோம். அந்த மோவாபியப் பெண் நகோமியிடம் சொல்வதில் கடைசிப் பங்கு கல்லறையைப் பற்றியது: நீர் மரணமடையும் இடத்தில் நானும் மரணமடைந்து, அங்கே அடக்கம்பண்ணப்படுவேன் என்கிறாள். பெத்லெகேமில் அவளுக்கு இடம் கொடுத்தார்கள். அவள் வம்சத்தில் தாவீது வந்தார், தாவீதின் வம்சத்தில் நம் ஆண்டவர் வந்தார். அவரும் அடக்கம்பண்ணப்பட்டது சொந்தக் கல்லறையில் அல்ல, அரிமத்தியா யோசேப்பு தனக்கென்று கன்மலையில் வெட்டிவைத்திருந்ததில்.

மத்தேயு 27-ல் இதைவிடக் கூச்சப்படவைக்கும் ஒரு வசனம் இருக்கிறது. யூதாஸ் எறிந்துவிட்டுப் போன முப்பது வெள்ளிக்காசைக் காணிக்கைப்பெட்டியில் போடக்கூடாது என்று பிரதான ஆசாரியர் கூடிப் பேசி, அந்நியரை அடக்கம்பண்ணுவதற்காகக் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள். ஆண்டவரைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்த கமிட்டி! அவர்களுடைய தீர்மானப் புத்தகத்தில்கூட அந்நியருக்கென்று ஒரு நிலம் ஏறியிருக்கிறது. நம் சேகரங்களின் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். மண்டபம் கட்ட, ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கட்ட, காம்பவுண்டு உயர்த்த எத்தனை தீர்மானம்! அந்நியருக்காக ஒரு சென்ட் உண்டா?

இடமில்லை என்று சொல்வீர்கள். அதில் உண்மை இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கம் கல்லறையில் புதுக் குழிக்கு இடமில்லாமல் போய், குடும்பக் கல்லறையையே திரும்பத் தோண்டவேண்டிய நிலை வந்த கதை நமக்குத் தெரியும். திருப்பூர், கோவை, ஈரோட்டிலும் அதே நிலைமை வந்துகொண்டிருக்கிறது. அப்படியென்றால் சேகரங்கள் தனித்தனியாக முழிக்காமல் கூடி ஊருக்கு வெளியே நிலம் வாங்கலாம், ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம், ஆண்டுகள் கடந்த, உரிமை கோர ஆளில்லாத குழிகளைத் திரும்பப் பயன்படுத்தும் விதியை எழுதலாம். கத்தோலிக்கர், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை என்று யார் தோட்டத்தில் இடம் இருந்தாலும் பகிர்ந்துகொள்ள ஒரு பேச்சு நடத்தலாம். ஆனால் இடத்தைப் பற்றிய பேச்செல்லாம் எப்போதும் இடத்தைப் பற்றியதாகவே இருப்பதில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவரைப் பிரித்து நிற்கும் சுவரை நம்மில் யாரும் அறியாதவர் இல்லை. அங்கே மண்ணுக்கா பஞ்சம்?

வந்தேறி என்று சொல்வதற்கு முன் நம் சபை ரெஜிஸ்டரைத் திறந்து பாருங்கள். கொங்கு மண்ணில் தலைமுறை தலைமுறையாய் வேர்விட்ட குடும்பங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், மதுரை, திண்டுக்கல் என்று எத்தனை ஊர்! என் அப்பா தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு இங்கே வந்தவர். அவர் கையில் சபை மாறுதல் கடிதம் இருந்தது, அதை வாசிக்கத் தெரிந்த ஆயர் இங்கே இருந்தார். சிம்டேகா பையனுக்கு இல்லாதது அது ஒன்றுதான்.

இன்னும் பின்னால் போங்கள். நம் முன்னோர் சிலோன் தோட்டங்களுக்குப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தவர்களில் காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் குழிகூட வெட்டப்படவில்லை. 1854-ல் அந்தத் தோட்டத் தமிழருக்கென்றே ஒரு மிஷன் அங்கே தொடங்கியது. திருநெல்வேலிச் சபையிலிருந்து உபதேசிமார் கடல் கடந்து போனார்கள். கூலிக்காரன் பின்னால் சபையும் போகவேண்டும் என்று அப்போது நமக்குத் தெரிந்திருந்தது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்கு அதே காலத்தில் கூட்டிப்போகப்பட்டவர்கள் யாரென்று நினைக்கிறீர்கள்? இந்தச் சோட்டாநாக்பூர்க்காரர்களின் பாட்டன்மார்தான். பிறகு பம்பாய். தாராவியில் குடிசை போட்ட திருநெல்வேலிக்காரர்கள், 1966-ல் சிவசேனா தொடங்கி 'லுங்கிக்காரனை விரட்டு' என்று கோஷம் போட்டபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொல்ல இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். "நீங்களும் எகிப்துதேசத்தில் அந்நியராயிருந்தீர்களே" என்று லேவியராகமம் சொல்வது நமக்கு உவமையாகவா படுகிறது?

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளரைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்குப் போகிறவர்களோடு பயந்து போகிறவர்களும் சேர, திருப்பூர் ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. போலீஸ் வந்து இந்தியில் பேசியது. முதலாளிகள் பேசினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு ஒன்றை அனுப்பி விசாரித்துப் போனது. அந்த ஞாயிறு நான் இருந்த ஆராதனையில் ஜெபக்குறிப்பாகக்கூட அது வரவில்லை. இதே ஊரில் ஒரு ஜமாத்தை எனக்குத் தெரியும். வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் இறந்தபோது பெயரையும் ஊரையும் தகப்பன் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அன்று மாலையே கபர்ஸ்தானில் அடக்கம் நடந்தது. நாம் அவர்களிடம் போய்க் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மதமாற்றம் என்று பழி வருமே என்ற பயத்தையும் கேட்டிருக்கிறேன். இங்கே வரும் தொழிலாளரில் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களும்தான். அவர்களுக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக் கொடுங்கள், கூலி பிடித்துவைத்தால் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். மதப்பிரசாரக் கைப்பிரதி கொடுக்காதீர்கள். நல்ல சமாரியன் அடிபட்டவனிடம் எந்த ஆலயத்துக்குப் போகிறாய் என்று கேட்கவில்லை, குணமான பிறகு எங்கள் மலைக்கு வா என்றும் சொல்லவில்லை.

நம் சபைகளில் இருக்கும் முதலாளிமாருக்கும் லேபர் காண்ட்ராக்டர்களுக்கும் ஒரு வார்த்தை. இ.எஸ்.ஐ.யில் பெயர் இருக்கும் தொழிலாளி இறந்தால் ஈமச்செலவுக்கென்று 15,000 ரூபாய் வரை கிடைக்கும். அந்தப் பையனுக்கு இ.எஸ்.ஐ. இல்லை. யூனிட்டில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இல்லை. 'மூணு மாசத்துல ஓடிப்போயிடுவான், எதுக்குப் பதியணும்' என்பதுதான் வழக்கமான பதில். சனிக்கிழமை சம்பளத்தில் பிடித்தம் பண்ணுவதற்கு மட்டும் அந்த யோசனை வருவதில்லை. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று சொல்லும் யாக்கோபு 5:4-ஐ வீட்டில் ஒருமுறை எடுத்து வாசியுங்கள்.

எல்லை கடந்து வந்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். ஜார்க்கண்ட் பையன் இந்தியக் குடிமகன். அவன் இங்கே இருப்பது அரசியல் சாசனம் கொடுத்த உரிமை. பவானிசாகர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழருக்கு அதுவும் இல்லை. 1983-க்குப் பிறகு வந்தவர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாநில அரசு மாற்றியது, வீடுகளும் கட்டிக் கொடுத்தது. குடியுரிமை டெல்லியின் கையில். 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கு வழி திறந்தது. முஸ்லிம்களுக்குத் திறக்கவில்லை, இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் திறக்கவில்லை. பட்டியலில் நம் பெயர் இருந்ததால் நம்மில் சிலர் வாய் திறக்கவில்லை. எஸ்தர் அரண்மனையில் இருந்தபோது, நீ மட்டும் தப்புவாய் என்று நினைக்காதே என்று மொர்தெகாய் அவளுக்குச் சொல்லி அனுப்பியதை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் பண்ணியவர்கள் நாம்.

வேறு தேசத்துச் சபைகள் இதில் எவ்வளவு தூரம் போயிருக்கின்றன என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நெதர்லாந்தில் ஹேக் நகரத்துப் பெத்தேல் ஆலயம். நாடுகடத்த உத்தரவான ஒரு ஆர்மீனியக் குடும்பம் அங்கே அடைக்கலம் புகுந்தது. ஆராதனை நடக்கும்போது போலீஸ் ஆலயத்துக்குள் நுழையக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அதனால் 2018 அக்டோபர் 26 அன்று ஆரம்பித்த ஆராதனையை அவர்கள் முடிக்கவே இல்லை. பகலும் இரவும், நூற்றுக்கணக்கான போதகர்கள் முறை வைத்து வந்து, 96 நாள் நடத்தினார்கள். அரசு இறங்கிவந்து வழி பண்ணிய பிறகு, 2019 ஜனவரி 30 அன்றுதான் கடைசி ஆசீர்வாதம் சொன்னார்கள். நமக்கு இரண்டு மணி நேரம் தாண்டினாலே சாம்பாருக்குப் பருப்பு போட்டாயிற்றா என்ற கவலை வந்துவிடும். நான் உங்களிடம் 96 நாள் கேட்கவில்லை.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மண்டபத்தைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கிறேன். காலை ஆராதனைக்கு ஏன் வருவதில்லை என்று குறை சொல்கிறவர்களுக்கு: சனி இரவு பதினொரு மணிவரை டேபிளில் நின்றவன், ஞாயிறு காலை துணி துவைத்து, காய்கறி வாங்கி, ஒரு வாரத்துக்குச் சேர்த்துத் தூங்குகிறவன். மாலையில் அவர்கள் தங்கள் பாஷையில் பாடட்டும். தாங்களே மேளம் கொண்டுவருவார்கள், நீங்கள் மின்விளக்கைப் போட்டுக் கொடுத்தால் போதும். இந்தி வேதாகமம் வேதாகமச் சங்கத்தில் கிடைக்கிறது; பத்துப் பிரதி வாங்கி வையுங்கள். ஆலய கேட்டில் ஆயரின் ஃபோன் நம்பரை இந்தியிலும் ஒடியாவிலும் எழுதிப் போடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறவனுக்கு அது வேண்டும்.

அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய் ஏலத்தில் எங்கே போய் நிற்கும் என்று எல்லோரும் அறிவோம், அதில் எனக்கு வருத்தம் இல்லை, ஏலம் விடுகிறவர் நகைச்சுவை எனக்கும் பிடிக்கும். ஆனால் உபாகமம் 26-ஐ அன்று வாசிக்கும்போது முழுவதும் வாசியுங்கள். முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன், என் தகப்பன் எகிப்துக்குப் போய்ப் பரதேசியாய் இருந்தவன் என்று ஆசாரியன் முன் சொல்லவேண்டும். பிறகு 11-ஆம் வசனம்: அவனும் லேவியனும் அவனிடத்திலிருக்கிற பரதேசியும் சேர்ந்து சந்தோஷப்படவேண்டும். இந்த வருஷம் சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனப் பந்தியில் அந்தத் தொழிலாளர்களும் இருக்கட்டும். கடைசிப் பந்தியில் தனியாக வேண்டாம், முதல் பந்தியில் நம்மோடு கலந்து. ஒரு பாடத்தை அவர்களில் ஒருவர் சாத்ரியில் வாசிக்கட்டும்.

கல்லறைத் தோட்ட விதியில் சேர்க்கவேண்டிய வரியை நானே எழுதிப் பார்த்தேன். "வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கே இறக்கும் எந்தத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவருக்கும், ஞானஸ்நானச் சான்றோ தன் ஊர்ச் சபையின் வாய்மொழியோ இருந்தால், கட்டணமின்றி இடம் வழங்கப்படும், ஆயர் அடக்க ஆராதனை நடத்துவார்." இதைவிட நல்ல வாசகம் சட்டம் படித்த நம் உறுப்பினர்கள் எழுதலாம். முன்மொழிய நான் தயார். வழிமொழிய ஒருவர் வேண்டும். கூட்டத் தேதி முடிவானதும் எனக்குத் தெரிவியுங்கள்; அந்தப் பையனின் அண்ணனையும் அழைத்துவருகிறேன், அவனுக்கு இப்போது ஓரளவு தமிழ் வருகிறது, கேட்கவேண்டியதை அவனிடமே கேட்கலாம்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு சபை அங்கத்தினன்
(சந்தா இந்த மாதம் வரை கட்டப்பட்டுள்ளது)